முடிவு மாறினால் கதையும் மாறும்



“புத்தகம் நன்றாக இருந்ததா, படம் நன்றாக இருந்ததா?” என்று மாணவர்களிடம் கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்துவிடும், பேச்சும் அங்கேயே நின்றுவிடும். “எது மாறியிருக்கிறது? அதனால் கதை கேட்கும் கேள்வியும் மாறிவிட்டதா?” என்று கேட்டால்தான் சிந்தனை தொடங்கும். இதற்கு எடுத்துக்காட்டாக, அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்ற துப்பறியும் நாவலையும், ரெனே கிளேர் இயக்கத்தில் 1945இல் வெளிவந்த அதன் திரைப்படத்தையும் பார்ப்போம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு. அங்குள்ள மாளிகையில் விருந்தினர் எட்டுப் பேர், பணியாளர்களான கணவன் மனைவி இருவர், ஆகப் பத்துப் பேர். அழைத்தவரைக் காணோம். இரவு உணவுக்குப் பின் ஓர் இசைத்தட்டு ஒவ்வொருவர் மீதும் கொலைப்பழி சுமத்துகிறது. எல்லாமே சட்டத்தின் கைக்கு எட்டாத குற்றங்கள். அதன்பின் ஒரு குழந்தைப் பாடலின் வரிசைப்படி ஒவ்வொருவராக இறக்கிறார்கள்.

நாவல் நம்மை அவர்களின் மனத்துக்குள் அழைத்துச் செல்கிறது. வீரா என்ற இளம்பெண் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முன்பு அவர் பொறுப்பில் இருந்த சிறுவன் ஒருவன் கடலில் மூழ்கி இறந்தான். காதலனுக்குச் சொத்து சேர வேண்டும் என்பதற்காகத் தெரிந்தேதான் அவனை நீந்த விட்டார் என்பது அவருடைய நினைவுகள் வழியே மெல்ல மெல்ல நமக்குப் புரிகிறது. படமோ வெளியிலிருந்து பார்க்கிறது. விருந்தினர் படகில் வரும் தொடக்கக் காட்சியில் பேச்சே இல்லை. முகங்களும் பார்வைகளுமே பேசுகின்றன.

பெரிய மாற்றம் முடிவில்தான். நாவலில் பத்துப் பேரும் இறந்துவிடுகிறார்கள். காவல்துறை திகைத்து நிற்க, கடலில் கிடைத்த புட்டிக்குள் இருந்த கடிதம் உண்மையைச் சொல்கிறது. கொன்றவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவரான நீதிபதி. மேடையில் எல்லோரும் இறந்துவிட்டால் கதை சொல்ல ஆள் ஏது? அதனால் 1943இல் நாடகமாக்கியபோது கிறிஸ்டியே முடிவை மாற்றினார். படமும் அவ்வழியே சென்றது. வீரா உட்பட இருவர் பிழைக்கிறார்கள். அவர்கள் பிழைக்க வேண்டுமானால் குற்றமற்றவர்களாக இருக்க வேண்டுமே! எனவே அவர்கள் மீதிருந்த பழியும் துடைக்கப்படுகிறது.

விளைவைப் பாருங்கள். படத்தில் நீதிபதி இருவரைத் தவறாக எடைபோட்டுவிட்டார். எனவே அவர் செய்தது தவறு என்று எளிதில் சொல்லிவிடலாம். நாவலில் வீராவின் குற்றம் உண்மை. அப்போதும் தண்டிக்கும் உரிமையை நீதிபதிக்கு யார் கொடுத்தது? கொலை செய்யும் ஆசைக்கு நீதி என்று பெயர் சூட்டலாமா?

“தப்பு செய்தவர்கள்தானே, செத்தால் என்ன?” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். அவரை அடக்கிவிடாதீர்கள். வகுப்பில் எழ வேண்டிய கேள்வியே அதுதான். குற்றவாளிக்கும் விசாரணை ஏன் வேண்டும் என்று மற்ற மாணவர்களே பதில் தேடட்டும்.

இதற்கு ஆங்கில நாவல்தான் வேண்டும் என்பதில்லை. தொடக்க வகுப்பில் தெரிந்த கதை ஒன்றின் முடிவை மாற்றி நடிக்கச் சொல்லலாம். உயர்நிலை வகுப்பில் விரிவானப் பகுதிச் சிறுகதை ஒன்றைக் காட்சிகளாக எழுதச் சொல்லலாம். பிறகு மூன்று கேள்விகள் போதும்: எதை மாற்றினாய்? ஏன் மாற்றினாய்? அதனால் யாருடைய பழி குறைந்தது?