சேறு கலக்கும் பேரன்



"எம்.எஸ்ஸி. படிச்சுட்டு என் பேரன் எண்ணெய்க் கிணத்துல சேறு கலக்கறானாமே, மாமா!" என்று பக்கத்து வீட்டு மாமி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சேறுதான் அங்கே உயிர் காக்கிறது. தோண்டும் குழாய்க்குள் அதைப் பம்பு வைத்துக் கீழே செலுத்துகிறார்கள். பிட் அறுத்த கல்தூளை வாரிக்கொண்டு குழாயின் வெளிப்புறமாக அது மேலே வருகிறது. பிட்டையும் குளிரவைக்கிறது. இவற்றைவிட முக்கியம், பூமிக்கடியிலுள்ள வாயுவைத் தன் எடையால் அமுக்கி வைப்பது. அதற்காகவே பாரைட் பொடி சேர்க்கிறார்கள். தண்ணீரைப் போல 4 மடங்குக்கு மேல் கனம். நம் ஆந்திராவின் மங்கம்பேட்டையில் ஏராளமாக வெட்டுகிறார்கள். சேற்றின் எடை குறைந்தால் வாயு முந்திக்கொள்ளும். கூடினால் பாறை பிளந்து சேறு உள்ளே ஓடிவிடும். பௌதிகம் படித்த எனக்கு இது வெறும் ஆழம், அடர்த்திப் பெருக்கல். ரிக்கில் நிற்கும் பையனுக்கு அப்படியில்லை.

கடைசிக் கதவு, கிணற்றின் வாயில் பொருத்தும் புளோஅவுட் பிரிவென்டர். 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் அதுவும் கிணற்றை அடைக்கவில்லை. 11 பேர் மாண்டனர். கோதாவரி டெல்டாவில், பாசர்லபூடியில், 1995 ஜனவரியில் பற்றிய கிணறு மார்ச் வரை எரிந்தது.

மாமியிடம் விபத்துகளை மட்டும் சொல்லவில்லை. (நல்லவேளை, இன்று அவர் வரவில்லை.)

"அப்படின்னா, சேறு சரியா இருக்கான்னு இனிமே தினம் போன்ல கேக்கறேன்" என்றார்.