வளையத்தின் முன்னே தனியாக நிற்கும் பிள்ளை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கல்விதான் என்பது என் கட்சி.

என் அண்ணன் சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்கிறார். போன பள்ளி விடுமுறையில் சாங்கிப் பக்கம் அவர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கூடைப்பந்துத் திடல். சாயங்காலம் பையன்கள் கூட்டமாக ஆடுவார்கள். என் கண்ணில் பட்டவனோ, காலையில் தனியாக வந்த ஒரு பையன். பன்னிரண்டு வயசு இருக்கும். தலைக்கு மேலே விமானம் இரைந்துகொண்டு போகிறது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரே இடத்தில் நின்று பந்தைப் போடுகிறான். விழுந்தாலும் ஓடிப்போய் எடுக்கிறான், விழாவிட்டாலும் ஓடிப்போய் எடுக்கிறான். இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். கைதட்ட ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

அவனைப் பார்த்ததும் நம் வலைப்பந்துக் குழுவில் ஆடிய ஒரு பிள்ளையின் நினைவு வந்து மனசை அறுத்தது. வட்டாரப் போட்டியில், கடைசி நிமிடத்தில், கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டவள். ஓரத்தில் நின்று எல்லாரும் கத்தினோம். ஆம், நானும்தான். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய ஆசிரியன்! பிறகு மூன்று வாரம் அவள் திடல் பக்கமே வரவில்லை. கேட்டால், "வயித்து வலி சார்" என்பாள்.

வலைப்பந்து, கூடைப்பந்துக்குத் தங்கச்சி முறை. 1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை மாட்டி ஆடவைத்த ஆட்டமே, பிறகு இங்கிலாந்தில் பெண்களுக்கான வலைப்பந்தாக உருவெடுத்தது. பெரியவர்கள் ஆட்டத்தில் இரண்டுக்கும் வளையம் 10 அடி உயரம். ஆனால் வலைப்பந்தில் பின்பலகை கிடையாது. மோதித் திரும்பி விழும் என்று நம்ப முடியாது. பந்தைப் பிடித்த 3 விநாடிக்குள் விட்டாக வேண்டும். எதிராளி கொஞ்சம் தள்ளிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். குழுவில் ஏழு பேர் இருந்தாலும் அந்த 3 விநாடி அவள் தனி ஆள்தான்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "தர்ஜினி இங்கே வந்து ஆடினாங்களே, தெரியாதா?" என்றார். தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துப் பெண். உயரம் 208 சென்டிமீட்டர், அதாவது ஆறடி பத்து அங்குலம். சின்ன வயதில் அந்த உயரத்துக்காகவே கேலிக்கு ஆளானவர். 2011-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் எறிபவர் என்று பாராட்டப்பட்டார். ஆனால் 2009-இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை, அடுத்த கிண்ணத்துக்கு 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு சிங்கப்பூரிலேயே, சிங்கப்பூர்க் குழுவை இறுதியாட்டத்தில் 69-50 என்று வென்றார்கள். 2022-இல் மறுபடியும் அங்கேயே, 63-53. இரண்டு குழுவிலும் தர்ஜினி இருந்தார். அரங்கம் முழுக்க எதிர்க்குழுவுக்குக் கைதட்டும்போது பந்தை வளையத்துக்குள் போடுவது என்றால் சும்மாவா? உயரம் இருந்தால் போதும் என்பவர்கள், நெட்டையான ஆளை நிறுத்திப் போடச் சொல்லிப் பாருங்கள்!

கூடைப்பந்திலும் நம்மவர் உண்டு. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானவர். பிள்ளை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், நான் கத்தியது தப்பு என்று அவள் அம்மா முன்னாலேயே சொன்னேன். மறுநாள் வந்தாள். முதலில் வளையத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். முழங்காலை மடக்கி, பந்தைத் தலைக்கு மேலே ஏந்தி, கடைசியில் மணிக்கட்டு மடங்க விடுவது. பந்து மேலே போய் வளைந்து இறங்கினால்தான் வளையம் அகலமாக வாய் திறக்கும்; நேராக எறிந்தால் விளிம்பில் தட்டிவிடும். அது படிந்தபின் ஓரடி பின்னே. பிறகு திடலை ஒரு சுற்று ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே இரண்டு எறிதல். போட்டியில் மூச்சு வாங்கத்தானே செய்யும்? நின்று நிதானமாகப் பழகிய கை அங்கே நடுங்கிப்போகும். ஒவ்வொரு தடவையும் எறியுமுன் ஒரே மாதிரி ஒரு மூச்சு. தவறினால் உடனே பந்தை எடுக்க ஓட வேண்டும், என் முகத்தைப் பார்க்கக் கூடாது. எத்தனை விழுந்தது என்று அவளே நோட்டில் எழுதுவாள். முதல் நாள் பத்துக்கு மூன்று. இப்போது ஆறு, சில நாள் நாலு. நாலு விழுந்த மறுநாளும் வருகிறாள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசு.

பெற்றோர்களே, சாயங்காலம் பெண் பிள்ளைக்கு வீட்டில் வேலை இருக்கும், தெரியும். ஒரு அரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள். செவ்வாய், வியாழன் ஐந்து மணிக்குத் திடலில் இருப்போம். பந்து மூன்றுதான் இருக்கிறது, ஒன்றில் காற்று நிற்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். கத்தக் கூடாது, அவ்வளவுதான்.