மறுப்பும் மேல்முறையீடும்

(செஞ்சியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குலத்தின் பழம்பெருமையுமன்று, சங்கத்தின் சரித்திரமுமன்று. நம்மில் பலர் வீட்டில், வந்தவர் கண்ணிற் படாமல் பின்கட்டில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றியது. கால் சூம்பிய தங்கையோ, செவி கேளாத மகனோ, பட்டாளத்திற்குப் போய் நோயாளியாகத் திரும்பிய சிற்றப்பனோ, அவர் யாராயினும் ஆகுக. அவருக்கென அரசாங்கம் விதித்திருக்கும் உதவித்தொகையை ஒருமுறை கேட்டு, இல்லையெனும் சொல்லைப் பெற்று, வீடு திரும்பி வாளாவிருப்பது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தினால் நாம் இழப்பது எவ்வளவு என்பதைக் கூறவே முன்வந்தோம்.

அங்கவீனர் என்று நம் முன்னோர் வழங்கியவரை மாற்றுத்திறனாளிகள் என அழைப்பதே இந்நாளில் முறை. அவர்களைக் குறித்து 1995ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கருதிற்று. அதனிடத்தில் வந்த 2016ஆம் வருஷத்துச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமலுக்கு வந்து, இருபத்தொரு வகைகளை ஏற்றுக்கொண்டது. நூற்றுக்கு 40 பங்கு குறைபாடு இருக்கிறதென்று மருத்துவ அதிகாரி சான்று கொடுத்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். நம் மாகாணத்தில் ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான மாதத்தொகை 1974 முதல் உள்ளது. 2023 ஜனவரியில் அது ரூ. 1,000இலிருந்து ரூ. 1,500 ஆக உயர்த்தப்பட்டது. பிறருக்குரிய அதேவகைத் திட்டத்தின் தொகையைவிட இவர்களுக்குரியது நூற்றுக்கு 25 பங்கேனும் மிகுந்திருத்தல் வேண்டுமென்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே இது பிச்சையன்று, சட்டம் வகுத்த உரிமை. இதைக் கேட்பதற்கு வெட்கப்படுவோரை யாம் அறிவோம், அவ்வெட்கம் பொருந்தாது.

அச்சட்டத்தின் 58ஆம் பிரிவு சான்று வழங்குவதைச் சொல்லுகின்றது. அடுத்த 59ஆம் பிரிவை நம்மவர் படிப்பதில்லை. சான்று அதிகாரியின் முடிவினால் மனக்குறை அடைந்தவர் எவரும், அரசாங்கம் நியமித்த மேல் அதிகாரியிடம், விதித்த காலத்திற்குள் முறையிடலாம் என்பதே அதன் பொருள். மறுப்பு என்பது வழியின் முடிவன்று என்று சட்டமே சொல்லியிருக்க, நாம் முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

ஓர் உதாரணம் கூறுவோம். பெயரும் ஊரும் வேண்டா. நம் அங்கத்தினர் ஒருவருடைய மகன், கிணற்று வேலையில் பாறை சரிந்து இடதுகால் நசுங்கியவன். அவனைச் சோதித்த இடத்தில் நூற்றுக்கு 38 என்று வாயாற் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையிற் காகிதம் ஒன்றுமில்லை. தந்தையாரை யாம் வினவியபோது, "ஐயா, சர்க்காரே இல்லையென்று சொல்லிவிட்ட பின் வேறு யாரைப் போய்க் கேட்பது?" என்றார். இரண்டு வருஷம் கழிந்தது. பின்னர் நம் காரியதரிசியார் அவர்களை உடனழைத்துச் சென்று, எழுத்து மூலமாய் மறுசோதனை கேட்டார். முழங்காலும் கணுக்காலும் மடங்கும் அளவைக் கருவி கொண்டு அளந்து 45 என்று எழுதிக் கொடுத்தார்கள். கால் அதே கால்தான். இடைப்பட்ட இருபத்துநான்கு மாதத்திற்கு மாதம் ரூ. 1,500 வீதம் ரூ. 36,000 ஆகிறது. அது வந்தபாடில்லை, வருமென்ற நம்பிக்கையும் எமக்கில்லை. கேளாமலிருந்த காலத்திற்கு எவரும் கூலி கொடார்.

முறையிடுவோர் வெல்லுகின்றனரா என்று சிலர் ஐயுறலாம். இங்கிலாந்து தேசத்தில் 2013 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் ஒரு தொகைக்காக மறுக்கப்பட்டோர் நீதிமன்றத்தை ஒத்த தீர்ப்பாயத்திற்குப் போகலாம். அங்கே விசாரணைவரை சென்றவருள் பத்தில் ஏறக்குறைய எழுவர் வென்று வந்ததை அவ்வரசாங்கத்தின் கணக்கே காட்டியுள்ளது. முதல் தீர்மானம் அத்துணைப் பிழையுடையதாயிருந்தது என்பதை விட இதற்கு வேறு பொருள் என்ன?

எனினும் வெற்றி ஒருபுறமிருக்க, காத்திருப்பு என்பது தனியே ஒரு நோய். அமெரிக்கா தேசத்தில் 2017ஆம் வருஷத்தில் இத்தகைய விசாரணைக்குப் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் காத்திருந்தனர். சராசரி ஒருவர் காத்திருந்த காலம் ஏறத்தாழ 600 நாள். 2008 முதல் 2019 வரை முடிவைக் காணுமுன்னரே இறந்தோர் சுமார் 1,10,000 பேர் என்று அந்நாட்டின் தணிக்கைத் துறை 2020இல் அறிவித்தது. 2014 முதல் 2019 வரை சுமார் 48,000 பேர் காத்திருக்கும்போதே கடனால் திவாலாயினர். செல்வம் மிக்க தேசத்தின் கதையே இதுவானால், கூலிக்குப் போனாலன்றி அடுப்பெரியாத வீட்டின் கதையை யாம் விரிக்க வேண்டுவதில்லை.

நம் தேசத்திலும் ஒரு சிப்பாயின் வழக்கு உண்டு. பட்டாள உத்தியோகத்திற் சேரும்போது நோயற்றவர் என்று எழுதப்பெற்ற அவர், 1994இல் வலிப்புநோய் கண்டு, நூற்றுக்கு 20 பங்கு குறைபாட்டுடன் வெளியே அனுப்பப்பட்டார். நோய் உத்தியோகத்தால் வந்ததன்று என்று வைத்தியக் குழு எழுதியதால் ஊனப் பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி 2004இல் அவருக்கு அனுகூலமாகத் தீர்த்தார். 2009இல் இரு நீதிபதிகள் அதை மாற்றினர். 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் மீண்டும் அவர் பக்கமே தீர்த்தது. பத்தொன்பது வருஷம்! சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் தோன்றினால் அது உத்தியோகத்தால் வந்ததென்றே கொள்ளத்தக்கது, அல்லவென்று காட்டும் பொறுப்பு சர்க்காருடையது, ஐயம் எழுந்தால் அதன் பயன் சிப்பாய்க்கே என்று அத்தீர்ப்பு உரைத்தது. அவரைப்போல் மறுக்கப்பட்ட பலருக்கு அது பிறகு ஊன்றுகோலாயிற்று.

நம் ராஜகிரியை ஜுல்பிகர்கான் 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் முற்றுகையிட்டிருந்தான் என்பதைச் செஞ்சிப் பிள்ளைகள் எல்லோரும் அறிவர். அவனுக்குப் பின்னால் ஒரு பாதுஷாவின் பொக்கிஷம் இருந்தது. இச்சிப்பாய்க்கோ அதுவுமில்லை.

2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மற்றொரு நல்ல தீர்ப்பை அளித்தது. பேச்சுக் குறைபாடு உடைய ஒரு மாணவர் வைத்தியக் கல்வியிற் சேர விரும்பிய வழக்கு அது. நூற்றுக்கு இவ்வளவு என்ற எண் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவரைத் தள்ளலாகாது. மறுக்கும் குழு அதற்குரிய காரணத்தை எழுதவேண்டும் என்று நீதிபதிகள் விதித்தனர். கல்வியைப் பற்றியதாயினும், காரணம் எழுது என்னும் அச்சொல் நமக்கும் பயன்படும்.

மேல்முறையீடு செய்தவரெல்லாம் வெல்வர் என்று யாம் கூறவில்லை. குறைபாடின்றியே அதுவுண்டென்று காட்டித் தொகை பெற முயல்வோருக்கு இரண்டு வருஷம்வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாமென்று அச்சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்லுகின்றது. நம்மவருள் அத்தகையோர் இருப்பின் இச்சங்கம் அவர்களுக்குத் துணை நில்லாது.

உண்மையாகவே துன்புறுவோர் செய்யவேண்டுவது யாது? மறுப்பை வாயாற் கேட்டுத் திரும்பலாகாது. தேதியுடன் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். தேதியின்றேல், காலக்கெடு எப்போது தொடங்கிற்று என்பதை எவ்வாறு காட்டுவது? கொடுக்க மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் மறுமொழி அளித்தாகவேண்டும். சான்றுக்கு விண்ணப்பித்தபின் முன்பு ஒரு மாதமென்றிருந்த கெடு, 2024இல் விதியைத் திருத்தியபோது மூன்று மாதமாயிற்று. அது கடந்தால் வாய் திறவாமலிருத்தல் கூடாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்பாருக்கும் விடையுண்டு. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும், மாற்றுத்திறனாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் கலெக்டர் கச்சேரியில் மனு வாங்குகிறார்கள். நடக்கமாட்டாத ஒருவரைச் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளுக்கு அன்றைய கூலி போய்விடும். பல மனுக்கள் இதனாலேயே எழுதப்படாமற் போகின்றன என்பது எம் அநுபவம். வாலிபர்கள் முறைவைத்துக்கொண்டு உடன்செல்ல முன்வருவார்களாயின் பாதி வேலை முடிந்ததாகும்.

சங்க மண்டபத்தில் இன்று ஒரு புதிய நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கின்றோம். விண்ணப்பித்தவர் பெயர், கொடுத்த தேதி, பதில் வந்த தேதி, மறுப்பாயின் அதன் காரணம், மேல்முறையீடு செய்த தேதி, எத்தனை நாட்கள் ஆயின என்று பத்திகள் கோடிட்டிருக்கின்றன. காரியதரிசியார் கூட்டம் முடிந்தபின் வாசலருகே அமர்ந்திருப்பார். பின்கட்டில் இருப்பவருடைய பெயரையும், அவரிடமுள்ள காகிதங்களையும் அவரிடம் சொல்லிப் பதிந்துவிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறோம்.