ஆட்டு ரோமமும் அரசாங்கச் சட்டமும்

(மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைத்தொழில் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு சட்டம் எப்படி ஒரு கைத்தொழிலின் கழுத்தை நெரித்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இடம், இஸ்ரேலின் தெற்கே உள்ள நெகேவ் பாலைவனம். மக்கள், அங்கே வாழும் பெதூயின் அரபுகள்.

பெதூயின் மக்களின் பழைய வீடு கருப்புக் கூடாரம். அதை நெய்பவர் அந்த வீட்டுப் பெண். தரையில் முளை அடித்து, பாவு நூலை இழுத்துக் கட்டி, மண்ணிலேயே உட்கார்ந்து நெய்வார்கள். ஊடை நூலைத் தட்டி இறுக்குவதற்கு மான் கொம்பு. ஊர் மாறும்போது முளையைப் பிடுங்கி, தறியைச் சுருட்டி, ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். வெள்ளாட்டின் கருப்பு ரோமத்தில் நீளமான பட்டைகளாக நெய்து, ஒன்றோடொன்று தைத்தால் கூடாரம் தயார். வெயில் காலத்தில் துணியின் இடுக்கு வழியாகக் காற்று வரும். மழை பட்டால் ரோமம் உப்பி இடுக்கு அடைந்துகொள்ளும், ஒழுகாது. செம்மறிக் கம்பளியில் விரிப்பு, திண்டு, சேணப்பை எல்லாம் நெய்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பெண்கள், கோலத்துக்குப் புள்ளி எண்ணுவது போல நூலை எண்ணி எண்ணிப் போட்ட வடிவங்கள் அவை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1950-இல் இஸ்ரேல் ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளாடு செடிகளை அழிக்கிறது, ஆகவே சொந்த நிலத்தைத் தவிர வேறு எங்கும் மேய்க்கக் கூடாது என்றது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கருப்பு ஆட்டுச் சட்டம். பெதூயின் மக்கள் தலைமுறை தலைமுறையாக மேய்த்த நிலத்தை அரசு அவர்களுடையது என்று ஏற்கவே இல்லை. சொந்த நிலம் இல்லை என்று சொல்லிவிட்டு, சொந்த நிலத்தில் மட்டும் மேய்க்கச் சொன்னால் என்ன அர்த்தம்? 1970-களின் கடைசியில் இந்தச் சட்டத்தைக் காட்டி மந்தைகளையே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஆடு போனால் ரோமம் இல்லை. ரோமம் இல்லாவிட்டால் தறிக்கு வேலை இல்லை.

1966 வரை அவர்கள் இராணுவ ஆட்சியின் கீழ், நெகேவின் ஒரு மூலையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். பிறகு அரசு கட்டிய 7 நகரியங்களுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஆட்டுப்பட்டிக்கு இடம் ஏது? தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு, மாட்டை விற்ற கதை ஞாபகம் வரும். ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பெண்கள் நான்கு சுவருக்குள் முடங்கினார்கள்.

அந்த 7 நகரியங்களில் ஒன்று லக்கியா. அங்கேதான் 1991-இல் பெண்கள் நெசவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கம்பளியை நூற்பவர், சாயம் தோய்ப்பவர், நெய்பவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வெளியே போக வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்ணும், வீட்டிலிருந்தே நூற்று, நெய்து, கூலி வாங்கலாம். என் பார்வையில் இதுதான் அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம். வீட்டாரோடு சண்டை போட்டுவிட்டு வா என்று எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை. பணம் வீட்டுக்குள் வந்த பிறகு பேச்சு மாறும். 1998-இல் உருவான சித்ரே என்ற பெண்கள் அமைப்பு, நெசவோடு எழுத்தறிவு வகுப்பும் நடத்தியது. அதே லக்கியாவில் பூவேலை செய்யும் பெண்களுக்கும் தனி அமைப்பு உண்டு. ஜோர்டானில் பனி ஹமிதா மலைப்பகுதிப் பெண்கள் 1985-லேயே இதே போல விரிப்பு நெசவைத் தொழிலாக்கினார்கள்.

இந்த நெசவுக்கு வளைகுடா நாடுகளில் சாது என்று பெயர். யுனெஸ்கோ அதை 2011-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயரிலும், 2020-இல் சவூதி, குவைத் பெயரிலும் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் எந்த ஆட்டுக்கும் புல் போடாது. நெகேவில் அரசு அங்கீகரிக்காத கிராமங்கள் சுமார் 35 இருக்கின்றன. அங்கே அரசு மின்சாரம் கிடையாது. அல் அராகிப் என்ற கிராமத்தை 2010 முதல் 200 தடவைக்கு மேல் இடித்திருக்கிறார்கள். அந்த நிலத்துக்காக ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015-இல் தோற்றது.

ஆட்டுச் சட்டம் என்ன ஆனது தெரியுமா? 2018-இல் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. காட்டில் காய்ந்த புதரை ஆடு தின்றால் தீ பரவுவது குறையும் என்று கண்டுகொண்டார்களாம்! ரத்து செய்யச் சொல்லி மசோதா கொண்டுவந்தவர் ஜமால் ஸஹால்கா என்ற அரபு உறுப்பினர். 68 வருஷம் கழித்து ஆடு குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. பிடித்துக்கொண்டு போன மந்தை திரும்பி வரவில்லை. மேய்ச்சல் நிலமும் வரவில்லை.

லக்கியாவில் நெய்த விரிப்பைப் பார்க்கிறவர்கள் விலை அதிகம் என்பார்கள். கையால் நூற்ற நூல், பல வாரம் தரையில் குனிந்து நெய்த வேலை. அந்த விலையில் பேரம் பேசினால், குறைவது நெய்த பெண்ணின் கூலிதான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.