கதிரையை விட்டு எழும்புதல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், கொழும்பில் வசிக்கும் வகுப்புத் தோழிகள் ஐவரின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் ஐந்து பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்லோருக்கும் வயது 65 ஐத் தாண்டிவிட்டது. இரண்டு வருடங்களாக வெள்ளவத்தையில் ஒரு ஜிம்முக்குப் போய் வருகிறோம். பரிசளிப்பு விழாவில் ஒருநாளும் மேடையேறாத எங்களை இன்று அதற்காக ஏற்றியிருக்கிறீர்கள்.

நாங்கள் தொடங்கியது பயத்தினால்தான். வலைப்பந்தாட்ட அணியில் சென்ரராக ஓடித்திரிந்த எங்கள் தோழி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். பார்க்கப் போன நாங்கள் கீழே பாயில் இருந்து கதைத்தோம். விடைபெறும் நேரம் எழும்ப முடியவில்லை. ஒருத்தி கட்டில் காலைப் பிடித்தாள், இன்னொருத்தி சுவரைப் பிடித்தாள், மற்ற மூவரையும் அவளுடைய மகள் தூக்கிவிட்டாள். படுத்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, "அடுத்தது ஆரடி?" என்று கேட்டாள்.

இவை மெய்வல்லுநர் போட்டியில் ஓடிய கால்கள். 1995 இல் பிள்ளைகளையும் பைகளையும் சுமந்துகொண்டு சாவகச்சேரி வரை நடந்த கால்கள். பாடசாலையோடு விளையாட்டை விட்டோம். பிறகு எங்கள் உடம்புக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதலில் போன இடத்தில், "அன்ரி, உங்கட வயசுக்கு நடந்தால் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். நடை நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். 1990 இல் பொஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் பாரம் தூக்கிப் பயின்றபோது, அவர்களுடைய காற்பலம் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கூடியது. நாங்கள் அவர்களை விட இளசுகள்!

இரண்டாவது ஜிம்மில் பயிற்றுநர் முதலில் வைத்தியரின் கடிதம் கேட்டார். பிறகு ஒரு கதிரையைப் போட்டு, கைகளை நெஞ்சில் கட்டியபடி 30 விநாடியில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறோம் என்று எண்ணினார். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11 இற்குக் குறைந்தால் கால் பலம் குறைவு. எங்களில் ஒருத்தி 6, கூடியவள் 9. கணக்குப் பாடத்தில் குறைந்த புள்ளி வாங்கிய நாள் போல் தலை குனிந்தோம்.

முதல் மாதம் இயந்திரம் எதையும் தொடவில்லை. கதிரையில் எழும்பி இருத்தல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், ஒரு கிலோ டம்பெல். அவ்வளவுதான். பத்துத் தரம் தூக்கினால் கடைசி இரண்டும் கடினமாக இருக்க வேண்டும். இலகுவானால் பாரத்தைச் சிறிது கூட்டலாம். தூக்கும்போது மூச்சை அடக்கக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மறுநாள் தசை நோவது வழமை, மூட்டில் குத்தினாலோ நெஞ்சு இறுகினாலோ உடனே நிறுத்த வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் கையில் டொபி வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் வெற்றி என்று சொல்லவில்லை. ஒருத்தி முழங்கால் நோவால் ஜிம்மை விட்டு, வீட்டில் கதிரையோடு செய்கிறாள். மற்ற நால்வரும் 12 ஐத் தாண்டிவிட்டோம். சென்ற நவராத்திரிக்கு நிலத்தில் இருந்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழும்பினோம். விழுந்த தோழியும் இப்போது புதன்கிழமைகளில் ஊன்றுகோலோடு வந்து, இருந்தபடியே கைப்பயிற்சி செய்கிறாள். அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, இன்றிரவு ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு எழும்பிப் பாருங்கள். எண்ணிக்கையை எவருக்கும் சொல்ல வேண்டாம். குறைவாக இருந்தால் தனியே தொடங்காதீர்கள், முன்பு பக்கத்து மேசையில் இருந்தவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.