சுவரில் இல்லாத பெயர்



அறுபதுகளில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துக்கு அண்மையிலுள்ள தேவாலயம் ஒன்றில் பளிங்குப் பலகையொன்றைக் கண்டேன். 1915இல் கல்லிப்போலியில் மாண்ட சின்னத்துரை ஒருவரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. வயது இருபத்திரண்டு.

முதலாம் உலகப் போர் மூண்டதும் மலைநாட்டுத் துரைமாரும் போருக்குப் புறப்பட்டனர். 1914 அக்டோபரில் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் 8 அதிகாரிகளும் 229 வீரரும் கப்பலேறினர். எகிப்தில் சுயஸ் கால்வாயைக் காத்தனர். பலர் அங்கேயே பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளாயினர். எஞ்சியோர் 1915 ஏப்ரலில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு துருக்கிக் கரையில் இறங்கினர்.

வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் அப்போது கொழுந்தெடுக்கும் சிறுமி.

"அந்தச் சின்னத்தொரையா? 'ஏழு'ன்னு சொல்ல வாய் வராதுடா அவனுக்கு. கொழுந்து நிறுக்கயில நாங்க சிரிப்போம். ஒரு நா பெரட்டுக்களத்துக்கு வரல. சண்டைக்குப் போயிட்டான்னாங்க. பாவம், சின்னப் பய."

துரைமார் தமிழ் படிக்கவென்று அக்காலத்தில் கைந்நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. கட்டளையிடுவதற்கான தமிழ் அது. அந்தத் தமிழைத் தடுமாறிப் பேசிய ஒருவனுக்காக, ஐம்பது ஆண்டுகளின் பின்னர், லயத்து வாசலில் அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மெல்லக் கேட்டார்: "எங்க அண்ணே பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

1918இல் பரவிய விஷக்காய்ச்சலில் இறந்தவர் அந்த அண்ணன். தேயிலை மலைச்சரிவில் எங்கோ புதைத்தார்கள். நட்ட கல் இல்லை. இப்படி மண்ணில் மறைந்தவர்களை எண்ணித்தான் ஸி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை பாடினார். சக்தி பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார்.

அந்தச் சின்னத்துரை மீது எனக்குக் கோபமில்லை. தாய் முகம் காணாமல் அந்நிய மண்ணில் மாண்ட பிள்ளை அவன். அவனுக்கொரு பலகை வேண்டியதுதான். ஆனால் எழுதப்படிக்கத் தெரிந்த நான் அன்று செய்த தவறு ஒன்றுண்டு. "எழுதியில்லை, அப்பாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அண்ணனின் பெயர் என்னவென்று கேட்கவில்லை.

அடுத்த மாரியில் அப்பாயி காலமானார். துரையின் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என் பாட்டியின் அண்ணன் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள்.