கழுவாய்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

காலா கோடா வழியாகச் செல்லும் நம்மவர் பலர், அங்கே 1884ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற யூதர் கோயிலைக் கண்டிருப்பர். கெனெசெத் எலியாகூ என்பது அதன் பெயர். ஆண்டுக்கொரு முறை, யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளில், யூதர்கள் உணவும் நீரும் நீத்துத் தம் பிழைகளைக் கூறி இறைவனை வேண்டுவர். அந்நாளையொட்டி அவர்தம் நூல்கள் உரைக்கும் கருத்து ஒன்றையே இன்று என் பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன்.

மனந்திரும்புதலை அவர்கள் ‘தெஷுவா’ என்பர். திரும்பி வருதல் என்பது அச்சொல்லின் பொருள். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்னும் பேரறிஞர் அதன் நெறிகளை வகுத்துரைத்தார். செய்த தவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்காக வருந்த வேண்டும். இனிச் செய்யேன் என உறுதி கொள்ள வேண்டும். ஆயினும், மனிதனுக்கு இழைத்த தீங்கை நோன்பு மட்டும் போக்காது. எடுத்ததைத் திருப்பித் தந்து, தீங்குற்றவனிடமே சென்று மன்னிப்பு வேண்டுதல் வேண்டும். அவன் இறந்துவிட்டான் எனில்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் கல்லறைக்குச் சென்று, அவர்கள் கேட்கத் தன் குற்றத்தைக் கூற வேண்டும். முழுமையான மனமாற்றம் எது? அதே தவற்றைச் செய்ய மீண்டும் வாய்ப்பு நேருங்கால், ஆற்றல் இருந்தும் செய்யாது விடுதலே.

தனி மனிதனுக்குரிய இவ்வறம் ஒரு நாட்டிற்கும் பொருந்துமோ? ஹிட்லரின் ஆட்சியில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். மேற்கு ஜெர்மனி 1952இல் இஸ்ரேலுடன் இழப்பீட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. 1970 டிசம்பர் 7இல், வார்சா நகரின் யூதர் நினைவுச் சின்னத்தின் முன் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் முழந்தாளிட்டார். அவரோ ஹிட்லருக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர். தாம் செய்யாத கொடுமைக்குத் தம் நாட்டின் பெயரால் தலை தாழ்த்தினார்.

நம் சிலம்பையும் எண்ணிப் பாருங்கள். தவறு விளங்கிய கணத்திலேயே பாண்டியன் உயிர் துறந்தான், அதனைப் போற்றுகிறோம். அதன் பின் நடந்ததையோ மேடைகளில் அதிகம் சொல்வதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாக எண்ணி, ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று அக்காப்பியமே கூறுகிறது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் அரசன். மாண்டவரோ குற்றமற்ற ஆயிரவர்! பழியைப் பிறர் தலையில் ஏற்றுவது கழுவாய் ஆகாது.

அன்பர்களே! 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னிந்தியர் மீது எழுந்த வெறுப்பை நம் குடும்பங்கள் மறக்கவில்லை, மறக்க வேண்டுவதுமில்லை. ஆனால், அதே ஆண்டுகளில் தமிழர் தமிழர்க்கு இழைத்ததை எத்தனை வீடுகளில் பேசுகிறோம்? 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளரின் குடியிருப்பு தாக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் புகுந்தவர்கள் அதனுள்ளேயே எரிக்கப்பட்டனர். மாண்டோர் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கண்ணகி தன் கடுஞ்சினத்திலும் மூத்தோரையும் குழவிகளையும் தீயினின்றும் விலக்கினாள். வெண்மணித் தீ எவரையும் விலக்கவில்லை.

கீழ் நீதிமன்றம் நிலக்கிழாரைத் தண்டித்தது. உயர் நீதிமன்றமோ, பெருஞ்செல்வர் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பரோ என ஐயுற்று விடுவித்தது. சட்டம் அவ்வாறு முடித்தது. அறத்தின் கணக்கு முடியவில்லை. அக்கணக்கில் சிறிதேனும் தீர்க்க முயன்றவர்கள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர். அப்பகுதிக்குச் சென்று தொண்டாற்றி, 1981இல் ‘லாப்டி’ இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் பதிவாகச் செய்தனர். எடுத்ததைத் திருப்பித் தருதல் என்பதற்கு நம் மண்ணில் கிடைத்த பொருள் இதுவே.

“நாங்கள் பம்பாய்க்கு வந்து தலைமுறைகள் ஆயினவே, வெண்மணிக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் வினவலாம். தாராவியில் வேரூன்றிய தமிழரிற் பலர் வறுமைக்கு அஞ்சி மட்டும் வரவில்லை. குளத்தையும் தெருவையும் மறுத்த சாதிக் கொடுமைக்குத் தப்பியும் வந்தனர். அக்கொடுமை இரயிலேறி நம்மோடு வரவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலுமோ? புதிதாய்க் குடிவந்த தமிழரிடம், “எந்த ஊர்?” என்று அன்போடு கேட்கிறோம். அடுத்து, குரலைத் தாழ்த்தி, “ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்கிறோம். அவ்விடையைப் பொறுத்தே வாடகை அறையும் திருமணப் பேச்சும் முடிவாகின்றன.

மைமோனிடீஸ் கூறிய சோதனை நமக்கு இங்கேதான் நேருகிறது. நாவின் நுனியில் அவ்வினா எழும்; கேட்கும் உரிமையும் வாய்ப்பும் நமக்கு இருக்கும்; அன்று நாம் கேளாது விடுவோமாக. வருகின்ற டிசம்பர் 25இல், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வெண்மணியின் கதையை, “இது நம்மவர் செய்தது” என்று தொடங்கிச் சொல்வோமாக. பத்துப் பேர் கேட்கச் சொல்வதே முதற்படி. இன்று இங்கே நூற்றுக்கணக்கானோர் கேட்கச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.